முல்லைக்குத் தேர் வேண்டுமா? பிள்ளைகளோடு தத்துவம் பேசும் முறை

பாரி முல்லைக்குத் தேர் கொடுத்த கதையைச் சொல்லிவிட்டு, "இதுல இருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "தானம் செய்யணும், மிஸ்." அதே கதையை, பாரி தேரை விட்டு இறங்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, "உங்களுக்கு என்ன கேக்கணும்னு தோணுது?" என்று கேட்டுப் பாருங்கள். கொடி படர ஒரு கொம்பு நட்டால் போதாதா? தேரைச் செய்தவர் தச்சர், வரி கட்டியவர்கள் ஊரார், அப்படியானால் கொடுத்தது யார்? முல்லை கேட்டதா? கேட்காதவருக்குக் கொடுப்பதும் கொடைதானா? "யாருக்கும் தெரியாம கொடுத்திருந்தா அவரை வள்ளல்னு சொல்லியிருப்போமா?" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். கொடை எது, உரிமை எது, நல்லது செய்வதற்கும் நல்லவர் என்று பெயர் எடுப்பதற்கும் என்ன தொடர்பு என்று தத்துவவாதிகள் நூற்றாண்டுகளாகப் பேசிவரும் கேள்விகள் இவை. பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கின்றன. கேட்பதற்கு இடம் கொடுப்பதுதான் நம் வேலை.

ஒன்பது முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளோடு இப்படி உரையாட நினைக்கும் ஆசிரியர்கள், நூலகர்கள், கோடை முகாம் நடத்துபவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கலையைக் கடைசியில் வைக்காதீர்கள். பல முகாம்களில் ஒரு மணி நேரம் பேச வைத்துவிட்டு, "இப்ப நாம பேசினதை ஒரு படமா வரைங்க" என்று தாளை நீட்டுகிறார்கள். அதற்குள் யோசனை முடிந்துபோயிருக்கும். வரைவது வெறும் அலங்காரம். பேச்சு எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறதோ அங்கேதான் கையும் உடம்பும் உள்ளே வர வேண்டும். வாயால் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு வரையறை, களிமண்ணில் செய்து பார்க்கும்போது உடையும். அந்த உடைப்புக்காகத்தான் கலை.

இந்த முறையின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்த மேத்யூ லிப்மன், பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகு தர்க்கம் சொல்லிக்கொடுப்பது காலம் கடந்த வேலை என்று 1960களின் இறுதியில் முடிவுக்கு வந்தார். பள்ளிப் பிள்ளைகள் தாங்களே பேசிப் பேசித் தர்க்க விதிகளைக் கண்டுபிடிப்பதாக ஒரு சிறுவர் நாவல் எழுதினார். ஆன் மார்கரெட் ஷார்ப்புடன் சேர்ந்து 1974இல் நியூ ஜெர்சியின் மாண்ட்கிளேர் கல்லூரியில் இதற்கென ஒரு நிறுவனம் தொடங்கினார். வட்டமாக உட்கார்ந்து, ஒரு கதையைப் படித்து, கேள்விகளைப் பிள்ளைகளே எழுப்பி, சேர்ந்து ஆராய்வது என்ற வடிவம் அங்கே உருவாகிப் பல நாடுகளுக்கும் போனது. ஹவாயில் தத்துவ ஆசிரியர் தாமஸ் ஜாக்சன் அதை இன்னும் எளிமையாக்கி, கையில் வைத்திருப்பவர் மட்டும் பேசும் நூல் பந்து போன்ற பழக்கங்களைச் சேர்த்தார். லிப்மன் தன் நாவல்களில் படமே வைக்கவில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம். பிள்ளையின் மனம் செய்ய வேண்டிய வேலையைப் படம் செய்துவிடும் என்பது அவர் எண்ணம். பிள்ளைகளே உருவாக்கும் கலை அந்த வேலையைப் பறிக்காது, கூட்டும்.

உட்காரும் முறை

ஒரு வட்டத்துக்கு 12 முதல் 16 பேர். எட்டுக்குக் கீழே போனால் மாறுபட்ட கருத்து போதாது. இருபதைத் தாண்டினால் தன் முறை வருவதற்குள் பிள்ளை சொல்ல வந்ததை மறந்துவிடும். வயது வித்தியாசம் மூன்று ஆண்டுக்குள் இருக்கட்டும். ஓர் அமர்வுக்கு 90 நிமிடம் வேண்டும். பள்ளியில் 40 நிமிடப் பாடவேளைதான் கிடைக்கும் என்றால் இரண்டாகப் பிரியுங்கள்: முதல் நாள் கதையும் கேள்விகளும், அடுத்த நாள் உரையாடலும் கலையும்.

தரையில் பாய் விரித்து உட்காருங்கள். நடத்துபவரும் தரையில்தான். எந்தப் பிள்ளையும் எட்டிப் பார்க்காமலே மற்ற எல்லார் முகத்தையும் பார்க்க முடிகிறதா என்று சரிபாருங்கள். வட்டத்திலிருந்து அரை அடி பின்னால் தள்ளி உட்கார்ந்த பிள்ளை அன்று பேசாது. மின்விசிறி இன்னொரு சிக்கல். முழு வேகத்தில் ஓடினால் மெல்லிய குரல்கள் கேட்காமல், இரண்டு மூன்று சத்தமான குரல்கள்தான் எஞ்சும். ஒரு புள்ளி குறையுங்கள், அல்லது வட்டத்தை நெருக்குங்கள்.

முதல் அமர்வில் நூல் பந்து செய்வதற்கு 30 நிமிடம் ஒதுக்கலாம். பழைய அட்டைக் குழல் ஒன்று, கம்பளி நூல் இரண்டு மூன்று உருண்டை, 20 சென்டிமீட்டருக்குக் குறையாத பிளாஸ்டிக் கேபிள் டை ஒன்று. டையைக் குழலின் உள்ளே நீளவாட்டில் விட்டு, இரு முனையும் வெளியே நீட்டியிருக்கும்படி வையுங்கள். ஒரு பிள்ளை குழலின் மேல் நூலைச் சுற்றிக்கொண்டே ஓர் எளிய கேள்விக்குப் பதில் சொல்லும் ("உனக்கு ரொம்ப நாளா புரியாத ஒரு விஷயம் என்ன?"). பக்கத்துப் பிள்ளை உருண்டையிலிருந்து நூலை விட்டுக்கொடுக்கும். முடிந்ததும் குழல் நகரும். எல்லோரும் சுற்றிய பிறகு குழலை மெல்ல உருவினால் டை நூலுக்குள்ளேயே நிற்கும். அதை இறுக்கி, வெளி வளையங்களைக் கத்தரித்தால் பஞ்சு போன்ற பந்து வரும். நூலைக் குறைவாகச் சுற்றினால் டை இறுகாமல் பந்து உதிர்ந்துவிடும், அதனால் தாராளமாகச் சுற்றுங்கள்.

பந்தின் விதிகள் மூன்று. பந்து வைத்திருப்பவர் பேசுவார். அடுத்து யாருக்கு என்று அவரே தேர்ந்தெடுத்துப் போடுவார். பந்து வந்தும் பேச விருப்பமில்லை என்றால் "பாஸ்" சொல்லி அடுத்தவருக்குப் போடலாம், யாரும் காரணம் கேட்கக் கூடாது. ரப்பர் பந்து, டென்னிஸ் பந்து எதுவும் சரிவராது. துள்ளும் பந்து கைக்கு வந்தால் விளையாட்டுத் தொடங்கிவிடும். நூல் பந்தின் பெரிய உதவி வேறு. நம் வகுப்பறையில் பிள்ளை பேசும்போது கண் ஆசிரியர் மேல்தான் இருக்கும், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையசைப்பை எதிர்பார்க்கும். பந்தை யாருக்குப் போடலாம் என்று தேடும்போது அந்தக் கண் சகபிள்ளைகளின் முகத்துக்குப் போகிறது.

கட்டுரைத் தமிழும் தடையாக வரும். "கொடை என்பது மனிதனின் தலையாய பண்பாகும்" என்று ஒரு பிள்ளை தொடங்கினால், அது யோசிக்கவில்லை, ஒப்பிக்கிறது. "வீட்டுல பேசுற மாதிரி சொல்லு" என்று முதல் அமர்விலேயே சொல்லிவிடுங்கள். கொங்குத் தமிழோ நெல்லைத் தமிழோ, அவரவர் பேசுவது வரட்டும். நடத்துபவரும் அப்படியே பேசினால்தான் பிள்ளைகள் நம்புவார்கள்.

கதையும் கேள்வியும்

கதைக்கு 8 நிமிடம் போதும். நீதிக்கதைகளில் நீதி சொல்லும் கடைசி வரியை வெட்டிவிடுங்கள். எந்தக் கதையானாலும், ஒரு முடிவின் இரண்டு பக்கத்திலும் நியாயம் தெரியும் இடம் வேண்டும். பாரியின் தேர், மயிலுக்குப் பேகன் கொடுத்த போர்வை, கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் எல்லாம் நன்றாக வேலை செய்யும். மனுநீதிச் சோழனை 12 வயதுக்குக் கீழே எடுக்க வேண்டாம். சின்னப் பிள்ளைகள் அப்பா மகனைக் கொல்வதிலேயே நின்றுவிடுவார்கள், நீதி பற்றிய கேள்விக்கு நகர மாட்டார்கள்.

கதை முடிந்ததும் ஒரு நிமிடம் முழு அமைதி. பிறகு மூன்று மூன்று பேராகப் பிரிந்து, 8 நிமிடத்தில் குழுவுக்கு ஒரு கேள்வி. அரைச் சார்ட் தாளில் பெரிய எழுத்தில் எழுதி, கீழே மூவர் பெயரும் போட வேண்டும். கேள்வி தங்களுடையது என்பது அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

தாள்களை நடுவில் பரப்பி, கேள்விகளை வகை பிரித்து வையுங்கள். ஆஸ்திரேலியாவின் பிலிப் கேம் வகுத்த நான்கு கட்டம் இதற்கு உதவும். தேரில் எத்தனை குதிரை என்பதற்குக் கதையிலேயே பதில் தேடலாம். பாரி எப்படி வீடு திரும்பினார் என்பதற்குக் கற்பனை வேண்டும். முல்லைக்கு வலிக்குமா என்பதைத் தாவரவியல் தெரிந்தவரிடம் கேட்கலாம். கேட்காதவருக்குக் கொடுப்பது கொடையா என்பதை மட்டும் சேர்ந்து உட்கார்ந்து யோசித்தால்தான் உண்டு. பிள்ளைகளே பிரிக்கட்டும். முதல் மூன்று கட்டத்துக் கேள்விகளை மட்டமாகப் பேசக் கூடாது. "முல்லைக்கு வலிக்குமா" என்பது தாவரவியல் கட்டத்தில் இருந்தாலும், வலி என்றால் என்ன என்று ஒரு படி ஏறினால் நான்காம் கட்டத்துக்கு வந்துவிடும். அந்த ஏற்றத்தை ஒரு பிள்ளையே கண்டுபிடித்தால் அன்றைய அமர்வு பாதி வெற்றி.

வாக்கெடுப்புக்குப் புளியங்கொட்டை, தலைக்கு இரண்டு. எல்லோரும் வெளிப்பக்கம் திரும்பி உட்கார, ஒவ்வொருவராக வந்து தாளின் மேல் வைக்க வேண்டும். சொந்தக் கேள்விக்கு ஒன்றுக்கு மேல் வைக்கக் கூடாது. கை தூக்கச் சொன்னால் வகுப்பில் செல்வாக்குள்ள பிள்ளையின் கேள்விதான் வாராவாரம் ஜெயிக்கும்.

பேச்சை நடத்துவது

தேர்வான கேள்வியின் மூன்று சொந்தக்காரர்கள், அது ஏன் மனதில் வந்தது என்று முதலில் சொல்வார்கள். பிறகு 20 நிமிடம் பேச்சு. நடத்துபவர் கருத்துச் சொல்ல மாட்டார், "சூப்பர்" என்றும் சொல்ல மாட்டார். பாராட்டும் ஒரு தீர்ப்புதான். ஒரு பதிலுக்கு "வெரி குட்" கிடைத்தால் அடுத்த ஐந்து பதிலும் அதே மாதிரி வரும்.

காரணம் கேட்கும்போது "ஏன் அப்படிச் சொல்ற?" என்று கேட்காதீர்கள். ஆசிரியர் வாயிலிருந்து "ஏன்" வந்தால் பிள்ளைக்கு அது அதட்டல். "அப்படி நினைக்க வைக்கிறது எது?" என்றால் யோசிக்கும். எடுத்துக்காட்டு வேண்டுமானால் "உன் தெருவுல இப்படி ஒண்ணு சொல்லேன்." எதிர்க்காட்டு வேண்டுமானால் வட்டத்தைப் பார்த்து, "இது பொருந்தாத ஒரு இடம் யாருக்காவது தோணுதா?" வேறுபாடு காட்ட, "உதவியும் கொடையும் ஒண்ணா?" கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினாலே பதில்கள் நீளமாகவும் காரணத்தோடும் வருகின்றன என்று மேரி பட் ரோவ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் காட்டினார். ஐந்து நொடி அமைதி நடத்துபவருக்குத்தான் கஷ்டம், பிள்ளைகளுக்கு இல்லை.

இங்கே பெரிதாகத் தவறுவது ஒன்று உண்டு. நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த விவாத வடிவம் பட்டிமன்றம். இரண்டு அணி, கைதட்டல், நடுவர் தீர்ப்பு. பட்டிமண்டபம் மணிமேகலையிலேயே வருகிறது, நல்ல வடிவம்தான். ஆனால் அணி பிரிந்த பிறகு யாரும் மனம் மாற முடியாது, மாறினால் தோல்வி. இங்கே மனம் மாறுவதுதான் நாம் எதிர்பார்ப்பது. அதனால் "கொடையா? வீணா?" என்று இரண்டாக உடையும் கேள்வி தேர்வானால், பேச்சைத் தொடங்கும் முன் "எப்போது கொடை, எப்போது வீண்?" என்று மாற்றலாமா என்று சொந்தக்காரர்களிடம் கேளுங்கள். மறுத்துப் பேசுபவர், தான் மறுப்பதை முதலில் திருப்பிச் சொல்லட்டும்: "நீ சொன்னது இது, சரியா?" மற்றவர் "சரி" என்ற பிறகுதான் மறுப்பு. முதல் இரண்டு அமர்வில் இது இழுவையாக இருக்கும். விடாதீர்கள்.

இன்னொன்று, "அது ஆளுக்கு ஆள் மாறும், சார்." எல்லா உரையாடலையும் கொல்லும் வாக்கியம். பெரும்பாலும் சண்டை வேண்டாம் என்ற நல்ல எண்ணத்தில்தான் பிள்ளை அதைச் சொல்கிறது. "எது மாறும், எது மாறாது?" என்று கேளுங்கள். பிடித்த நிறம் மாறும். பிடுங்கிக் கொடுத்ததைக் கொடை என்று சொல்லலாமா என்பதும் அப்படி மாறுமா? இப்படி ஓர் உதாரணம் வைத்தால் பேச்சு மீண்டும் நகரும்.

எங்கே நிறுத்தி, எதைச் செய்வது

15, 20 நிமிடத்தில் குழு ஒரு வரையறைக்கு வந்து நிற்கும். பாரி கதையில் அது அநேகமாக இப்படி இருக்கும்: "திரும்ப எதையும் எதிர்பார்க்காம கொடுக்கிறது கொடை." எல்லோரும் தலையாட்டுவார்கள். அந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பேச்சை நிறுத்துங்கள்.

நால்வர் குழு, 5 நிமிடம், மூன்று சிலைக் காட்சிகள்: கொடுப்பதற்கு முன், கொடுக்கும்போது, கொடுத்த பின். வசனம் கிடையாது. பார்ப்பவர்கள் கண்ணை மூடித் திறக்க, ஒவ்வொரு காட்சியும் 10 நொடி அசையாமல் நிற்க வேண்டும். பிறகு இரண்டாவது சிலையைத் திரும்ப நிற்கச் சொல்லி, பார்ப்பவர்களில் யார் வேண்டுமானாலும் போய் ஒரே ஒரு மாற்றம் செய்யலாம் என்று சொல்லுங்கள். கொடையைக் கொடை அல்லாததாக மாற்ற வேண்டும். ஒரு பிள்ளை கொடுப்பவரின் பார்வையை வாங்குபவரிடமிருந்து திருப்பி வேடிக்கை பார்ப்பவர் பக்கம் வைக்கும். இன்னொன்று வாங்குபவரின் முதுகை வளைத்துவிடும். கொடுப்பவர் எதையும் திரும்பக் கேட்கவில்லை, ஆனாலும் "இது கொடை மாதிரி இல்லையே" என்று வட்டம் சொல்லும். இப்போது கரும்பலகையைக் காட்டுங்கள். வரையறையில் எது குறைகிறது? மரியாதையா? அதை எப்படி எழுதுவது? மிச்சமுள்ள 15 நிமிடப் பேச்சு முதல் 20 நிமிடத்தைவிட ஆழமாகப் போகும். அதற்குக் காரணம் உடம்பு கண்டுபிடித்த எதிர்க்காட்டு. பார்ப்பவர் எழுந்து வந்து காட்சியை மாற்றுவது பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவாலின் வழி. அவர் அதை ஒடுக்குமுறையை எதிர்க்கப் பயன்படுத்தினார், ஒரு கருத்தைச் சோதிக்கவும் அது உதவுகிறது.

களிமண் என்றால் தலைக்கு 250 கிராம். குயவரிடம் பிசைந்த மண்ணாக வாங்கி, ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். பணி தெளிவாக இருக்க வேண்டும்: "ஒண்ணு கொடை, இன்னொண்ணு கொடை மாதிரித் தெரியும், ஆனா இல்லை. ரெண்டையும் பக்கத்துல வை." பன்னிரண்டு நிமிடம்தான். அதற்கு மேல் விட்டால் யோசனை நின்று மெருகேற்றல் தொடங்கிவிடும். வரிசையாக வைத்த பிறகு முக்கியமான விதி, செய்த பிள்ளை முதலில் பேசக் கூடாது. மற்றவர்கள் தங்களுக்குத் தெரிவதைச் சொல்வார்கள், அதன் பிறகே செய்தவர். தான் நினைத்தது மற்றவருக்குத் தெரியவில்லை என்று அறியும் இடத்தில், தன் கருத்தில் எது தெளிவாக இல்லை என்பது பிள்ளைக்குப் புரிகிறது.

கோலம் வேறொரு கேள்விக்கு அருமையான கருவி: விதி இருந்தால் சுதந்திரம் குறையுமா? தரையில் சாக்பீஸ், மூன்று குழு. முதல் குழுவுக்கு 4 வரிசை, வரிசைக்கு 5 புள்ளி. ஒரே இழை, எல்லாப் புள்ளியையும் சுற்றித் தொடங்கிய இடத்தில் முடிய வேண்டும். இரண்டாம் குழுவுக்கு அதே புள்ளிகள், விதி இல்லை. மூன்றாம் குழுவுக்குப் புள்ளியும் இல்லை, விதியும் இல்லை. புள்ளிகளை 5-க்கு 5 என்று சதுரமாகக் கொடுத்துவிடாதீர்கள். வழக்கமான சாய்கோட்டுப் பின்னலில் அது ஒரே இழையாக வராது, ஐந்து தனி இழைகளாகப் பிரிந்துவிடும். 4-க்கும் 5-க்கும் பொதுக் காரணி இல்லாததால் ஒரே இழையில் முடியும். 15 நிமிடம் கழித்துக் கேளுங்கள்: எந்தக் குழு அதிகம் வாதாடியது, யார் அதிக முடிவுகள் எடுத்தார்கள், விதி இல்லாத குழு தனக்குத் தானே ஏதாவது விதி போட்டுக்கொண்டதா? கோலம் போட்டுப் பழகியவர்கள் ஒரே குழுவில் சேர்ந்துவிட்டால் சோதனை கெட்டுவிடும், அவர்களை மூன்றிலும் பிரித்து வையுங்கள். பையன்களும் போடட்டும்.

தெருக்கூத்திலிருந்து கட்டியங்காரனையும் அழைக்கலாம். ராஜாவாக வருபவரையே "நீர் யார், எதற்கு வந்தீர்?" என்று கேட்கும் உரிமை அவனுக்கு உண்டு. 12 வயதுக்கு மேற்பட்டவர்களோடு பாரி கதையை நடிக்கும்போது ஒரு பிள்ளைக்கு அந்த வேடம் கொடுத்து, எங்கே வேண்டுமானாலும் காட்சியை நிறுத்திக் கேள்வி கேட்கலாம் என்று சொல்லுங்கள். பாரியாக நிற்பவர் வேடத்தை விடாமல் பதில் சொல்ல வேண்டும். மூன்று கேள்விக்கு ஒருமுறை கட்டியங்காரன் மாறட்டும். மாறாவிட்டால் நகைச்சுவை நன்றாக வரும் பிள்ளை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, கேள்வியை விட்டுச் சிரிப்புக்குப் போய்விடும்.

எந்தக் கலையானாலும் அழகு வந்து குறுக்கே நிற்கும். நன்றாக வரையும் பிள்ளையின் கருத்தே சரி என்று வட்டம் நினைக்கத் தொடங்கும். வரைய வராத பிள்ளை ஒதுங்கும். அதனால்தான் வண்ணம், பென்சில் இரண்டையும் நான் பரிந்துரைப்பதில்லை. பழைய செய்தித்தாளைக் கையால் கிழித்து ஒட்டுவது, களிமண், உடம்பு ஆகியவற்றில் திறமையின் இடைவெளி குறைவு. நடத்துபவர் "அழகா இருக்கு" என்ற சொல்லை அன்று முழுக்க மறந்துவிட வேண்டும். "இதுல கொடை எங்க இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள்.

கவனம் வேண்டிய இடங்கள்

நியாயம், கொடை, மரியாதை என்று பேசத் தொடங்கினால் வீடும் சாதியும் வட்டத்துக்குள் வரும். வர வேண்டும். ஆனால் ஒடுக்கப்பட்ட பின்னணியிலிருந்து வந்த பிள்ளையை "நீ சொல்லு" என்று உதாரணம் கேட்பது கொடுமை. அந்தப் பிள்ளை விரும்பினால் சொல்லும், இல்லாவிட்டால் பாஸ். மற்றவர்கள் பெயர் சொல்லிப் பேசாமல், "ஒருத்தர்", "ஓர் ஊர்" என்று பேசும் விதியை முதல் நாளே வையுங்கள். ஒரு பிள்ளை தனக்கு நடக்கும் அடி உதை பற்றியோ அதைவிட மோசமானதைப் பற்றியோ பேசத் தொடங்கினால், அது உரையாடலுக்கான உதாரணம் இல்லை. மென்மையாகப் பேச்சை வேறு பக்கம் திருப்பி, அமர்வு முடிந்ததும் தனியாகக் கேளுங்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சிறார் உதவி எண் 1098-ஐ நடத்துபவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

பேசாத பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படும் சிலர், தலைக்கு மூன்று சோழி கொடுத்து ஒவ்வொன்றையும் ஒருமுறை பேசிச் செலவழிக்கச் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பேச்சு கணக்கு முடிக்கும் வேலையாகிவிடுகிறது. நடுவில் இரண்டு நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேச விட்டால், வட்டத்தில் வாய் திறக்காத பிள்ளை அங்கே பேசும். அதை அந்தத் துணை, அனுமதி கேட்டு, வட்டத்துக்குக் கொண்டுவரலாம்.

கடைசி 5 நிமிடத்துக்கு ஹவாயில் பழக்கமான ஒரு வழி உண்டு. கட்டைவிரல் மேலே, பக்கவாட்டில், கீழே. இன்று ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்டோமா? பயமில்லாமல் பேச முடிந்ததா? புதிதாக ஏதாவது யோசித்தோமா? கீழே காட்டிய ஒருவரிடம் மட்டும், விருப்பமிருந்தால், காரணம் கேளுங்கள். முடிவுரை வேண்டாம். நடத்துபவர் கடைசியில் "ஆக மொத்தத்துல..." என்று தொடங்கினால், 90 நிமிடம் பிள்ளைகள் கட்டியதை ஒரு வாக்கியத்தில் கலைத்துவிடுவார். அடுத்த வாரம் அந்த வாக்கியத்துக்காகவே காத்திருப்பார்கள்.

தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்கும்போது மதிப்பெண் கூடும் என்று சொல்லாதீர்கள். இங்கிலாந்தில் 48 பள்ளிகளில் இந்த முறையைச் சோதித்து 2015இல் வெளியான ஆய்வு, வாசிப்பிலும் கணக்கிலும் சுமார் இரண்டு மாதப் படிப்புக்கு ஈடான கூடுதல் முன்னேற்றம் என்றது. இன்னும் பெரிய அளவில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில் வாசிப்பு மதிப்பெண்ணில் முன்னேற்றம் தெரியவில்லை. காரணம் கேட்பது, மறுப்பதற்கு முன் காதுகொடுப்பது, மனம் மாறியதை வெட்கமில்லாமல் சொல்வது ஆகியவையே இதற்குப் போதுமான நியாயம். அதையே நேராகச் சொல்லுங்கள்.

வகுப்பில் 40 பேர் என்றால் இரட்டை வட்டம். உள்ளே 14 பேர் பேசுவார்கள், வெளியே இருப்பவர்களுக்கு வேலை உண்டு: ஒருவர் காரணங்களை மட்டும் குறிப்பார், ஒருவர் உதாரணங்களை, ஒருவர் யார் யாருக்குப் பந்து போகிறது என்ற கோடுகளை. 15 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறட்டும். வேலை கொடுக்காத வெளிவட்டம் ஐந்து நிமிடத்தில் சலசலக்கும். பந்தின் கோடுகளைக் காட்டினால், பையன்கள் பையன்களுக்கே போட்டுக்கொண்டது பிள்ளைகளுக்கே தெரியும், யாரும் சொல்லித் திருத்த வேண்டியதில்லை.

ஒரு கருத்தில் நான்கு வாரமாவது நில்லுங்கள். வாரம் ஒரு தலைப்பு என்று ஓடினால் ஒவ்வொரு முறையும் மேலோட்டமான 20 நிமிடம்தான் கிடைக்கும். பாரியில் தொடங்கினால் அடுத்து பேகன்: குளிரும் என்று நாம் நினைப்பதை மயிலுக்குக் கொடுப்பது யாருடைய தேவை? மூன்றாம் வாரம் கர்ணனின் கவசமும் குண்டலமும்: ஏமாற்றிக் கேட்கிறார் என்று தெரிந்தே கொடுப்பது கொடையா? ஒவ்வொரு வாரமும் முதல் 5 நிமிடம், முந்தைய வாரத்து வரையறைத் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு, "முன்னாடி நான் இப்படி நினைச்சேன், இப்போ இப்படி, ஏன்னா..." என்று தொடங்க விரும்பும் பிள்ளைக்கு முதல் பந்து. நான்காம் வாரம், 13 வயதுக்கு மேல் என்றால், கதையே வேண்டாம். பதினோராம் வகுப்பில் அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டியின் படம் ஒன்றை நடுவில் வைத்து, கொடையா உரிமையா என்று அவர்களே கேட்கும் வரை காத்திருங்கள். அநேகமாக ஒவ்வொரு வீட்டுக்கும் இதில் ஒரு கருத்து இருக்கும். கட்சிப் பெயர்கள் வரும், "கட்சி பேர் இல்லாம அதையே சொல்ல முடியுமா?" என்று கேட்டால் போதும். கலைக்கு இங்கே சிலைக் காட்சிதான் சரி: ஒரே மிதிவண்டி, வாங்கும் பிள்ளை கொடையாக வாங்கினால் எப்படி நிற்கும், உரிமையாக வாங்கினால் எப்படி நிற்கும்? இந்த அமர்வுக்கு 90 நிமிடம் போதாது, இரண்டாகத் திட்டமிடுங்கள்.